அடுத்த கதைக்காகக் காத்திருக்கும் மாணவர்: தொலைநிலை லத்தீன் படிப்பு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

தொலைநிலைக் கல்வியில் மொழி கற்பிக்கும் யாருக்கும் இந்தச் சங்கடம் தெரிந்திருக்கும். சேர்ந்தவர்களின் பட்டியல் நீளமாக இருக்கும். கடைசிப் பாடத்தை எழுதி அனுப்பியவர்களின் பட்டியல் சுருங்கிப்போயிருக்கும். இடையில் நின்றவர்கள் யாரும் குறை சொல்லிவிட்டு நிற்பதில்லை. ஒரு வாரம் பாடம் வராது. மறு வாரம் வேலைப்பளு என்று ஒரு வரி வரும். அதற்கடுத்த வாரம் அதுவும் வராது. லத்தீனில் இந்தச் சிக்கல் இன்னும் கடுமையானது. பிரெஞ்சு படிப்பவருக்குப் பாரிஸ் பயணம் இருக்கிறது, ஜப்பானிய மொழி படிப்பவருக்கு வேலைவாய்ப்பு இருக்கிறது. லத்தீன் படிப்பவருக்கு அந்த மொழியில் பேச அக்கம்பக்கத்தில் ஆளில்லை, சம்பள உயர்வும் இல்லை. அவர் தானாக விரும்பி வந்தவர். விருப்பம் வற்றிய அன்றே அவரைத் தடுத்து நிறுத்த வேறெதுவும் கிடையாது.

அப்படிப்பட்ட மாணவரைத் தக்கவைப்பது எப்படி என்பதற்கு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் லத்தீன் பாடத்திட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். அரை நூற்றாண்டுக்கு மேல் வகுப்பறையில் புழங்கிய பாடநூல் வரிசை அது. பின்னாளில் இணையவழிக் கருவிகளும் தொலைவிலிருந்து திருத்தித் தரும் ஆசிரியர்களும் சேர்ந்தபோது தொலைநிலைப் படிப்பாகவும் ஆனது. இதைப் பார்த்து நான் வந்தடைந்த முடிவு இது: தூரத்தில் படிப்பவரின் ஆர்வத்தை ஊக்கமூட்டும் கடிதங்களால் காப்பாற்ற முடியாது. பாடநூலே அவரை அடுத்த பக்கத்துக்கு இழுக்க வேண்டும். அவர் அனுப்பிய பாடம் சீக்கிரமாகவும், அவருக்கென்றே எழுதிய குறிப்போடும் திரும்பிப் போக வேண்டும். மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் அடுத்தபடிதான்.

கட்டாயம் போன பிறகு

1960 வரை ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் சேர விரும்பியவர்கள், இயற்பியல் படிக்கப் போகிறவரானாலும், பள்ளியில் லத்தீன் தேர்வில் தேறியிருக்க வேண்டும். அந்த ஆண்டு இரண்டு பல்கலைக்கழகங்களும் அந்த நிபந்தனையைக் கைவிட முடிவெடுத்தன. பள்ளிகளில் லத்தீனைத் தாங்கிக்கொண்டிருந்த முட்டு அதோடு சரிந்தது. அதுவரை மாணவர் சலித்துக்கொண்டாலும் வகுப்பில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். பெயர்ச்சொற்களின் வேற்றுமை வாய்பாட்டை ஒப்பித்து, ஒன்றோடொன்று தொடர்பில்லாத வாக்கியங்களை மொழிபெயர்த்து, நான்கைந்து ஆண்டுகள் கழித்து உண்மையான ரோமானிய எழுத்தாளர் ஒருவரைத் தொட்டுப் பார்ப்பது என்பதுதான் முறை. இப்போதோ அவர் எழுந்து போகலாம்.

இந்த நெருக்கடியில்தான் 1966-இல் கேம்பிரிட்ஜ் பள்ளிச் செவ்வியல் திட்டம் தொடங்கியது. நஃபீல்டு அறக்கட்டளையும் பள்ளிகள் மன்றமும் நிதி தந்தன. கேம்பிரிட்ஜ் லத்தீன் பாடத்திட்டத்தை உருவாக்கியது இதுதான்; 1970-இல் அதன் பாடநூல்கள் வெளிவரத் தொடங்கின. இலக்கணத்தை முதலில் கற்பித்துப் பிறகு வாசிக்க விடும் வரிசையை அவர்கள் தலைகீழாக்கினார்கள். முதல் நாளிலிருந்தே தொடர்கதை. கதைக்குள் இலக்கணம் வந்துபோன பிறகுதான் அதைப் பற்றிய விளக்கம்.

தொலைநிலைக் கல்வி பற்றி யோசிப்பவர்கள் இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. எழுந்து போகும் உரிமை கொண்ட மாணவரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பாடநூல் இது. தொலைவில் படிப்பவருக்கு அந்த உரிமை முழுதாகவே இருக்கிறது. கணினியை மூடினால் முடிந்தது. வகுப்பறைக்காக எழுதிய நூல் வரிசை தூரத்துக்கும் பொருந்திப்போனதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

முதல் பாடத்தில் என்ன நடக்கிறது

ரோமானியர் காலத்துப் பாம்பேயி நகரம். வங்கித் தொழில் செய்யும் கைக்கிலியுஸ், அவர் மனைவி மெத்தெல்லா, மகன் குவிண்டுஸ், கிளெமென்ஸ் என்ற அடிமை, குரூமியோ என்ற சமையல்காரன், கெர்பெருஸ் என்ற நாய். பக்கத்தில் கோட்டோவியம், அதன் கீழே ஒரு சிறு வாக்கியம். யார் எங்கே இருக்கிறார் என்பதைப் படமே சொல்லிவிடுகிறது. இப்படிச் சில வாக்கியங்கள் ஆனதும் ஒரு குட்டிக் கதை வருகிறது. மேசைமேல் உணவு இருக்கிறது. நாய் உள்ளே வருகிறது, சுற்றுமுற்றும் பார்க்கிறது, மேசைமேல் தாவுகிறது. சமையல்காரன் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான். நாய் குரைக்கிறது. அவன் விழித்தெழுந்து திட்டுகிறான். நாய் ஓடிவிடுகிறது.

அவ்வளவுதான் கதை. ஆனால் தன் வீட்டு மேசையில் தனியாக உட்கார்ந்து இதைப் படிப்பவருக்கு என்ன நிகழ்கிறது என்று பாருங்கள். ஒரே அமர்வில், யார் உதவியும் இல்லாமல், அவர் லத்தீனில் ஒரு கதையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை படித்துவிட்டார். வாய்பாட்டில் தொடங்கிய மாணவருக்கு இந்த நிறைவு கிடைக்கப் பல மாதங்கள் ஆகும். வகுப்பறையில் இருப்பவர் அந்த மாதங்களை நண்பர்களின் துணையோடு கடத்திவிடுவார். தனியாக இருப்பவரால் முடியாது. அடுத்த பாடத்திலேயே விருந்து நடக்கிறது. விருந்தினர் தூங்கிய பிறகு, மீந்துபோன மயில்கறியைச் சமையல்காரன் தின்கிறான். இரண்டாம் வேற்றுமை உருபு அந்த மயிலின்மேல் ஏறித்தான் மாணவரிடம் வந்துசேர்கிறது.

முதல் பாடங்களில் வாக்கியங்கள் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற வரிசையில் செல்கின்றன. ஆங்கிலக் குழந்தைக்கு இது வினோதமாகப் படும். தமிழ் வாசகருக்கு அது பழகிய நடை. செய்தவர் யார், செய்யப்பட்டது எது என்பதைச் சொல்லின் இறுதி காட்டிக்கொடுப்பதும் நமக்குப் புதிதல்ல.

கைக்கிலியுஸ் கற்பனை மனிதர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். 1875-இல் பாம்பேயி அகழ்வில் அவர் வீட்டிலிருந்து 150-க்கும் மேற்பட்ட மெழுகுப் பலகைகள் கிடைத்தன. ஏலம், வாடகை, கடன் என்று அவர் கைவழியே போன பணத்தின் கணக்குகள் அவை. காலத்தால் கடைசிப் பலகை கி.பி. 62-இன் தொடக்கத்தைச் சேர்ந்தது. அதற்குச் சில நாட்களில் அந்நகரைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. பாடநூல் அவரைக் கி.பி. 79-இல் எரிமலை வெடிக்கும்வரை வாழவைக்கிறது. பாடநூலில் பார்த்த மனிதரின் வீட்டை ஒரு மாணவர் இணையத்தில் தேடி, அந்தச் சுவர்களையும் புடைப்புச் சிற்பத்தையும் பார்த்தபடி ஒரு மாலையைக் கழிப்பார் என்றால், அந்த வாரம் அவரை யாரும் தூண்டிவிட வேண்டியதில்லை.

பன்னிரண்டாம் பாடத்தில் வெசூவியஸ் வெடிக்கிறது. முதல் நூல் அங்கே முடிகிறது. கைக்கிலியுஸ் இறந்துபோகிறார், நாய் அவரைவிட்டு அகலாமல் நிற்கிறது. குவிண்டுஸ் என்ன ஆனான்? அதைத் தெரிந்துகொள்ள இரண்டாம் நூலைத் திறக்க வேண்டும். அது பிரிட்டனுக்குப் போகிறது, பிறகு அலெக்ஸாண்ட்ரியாவுக்கு. ஒரு பருவம் முடிந்து அடுத்த பருவத்துக்குக் கட்டணம் கட்டும் இடைவெளியில்தான் தொலைநிலை மாணவர்கள் மிக எளிதாக நழுவிப்போவார்கள். அந்த இடத்தில் ஒரு சாவையும் ஒரு கேள்வியையும் வைத்தவர்களின் கதைசொல்லும் திறனை மெச்சத்தான் வேண்டும்.

ஆசிரியர் இல்லாத இடம்

இங்கிலாந்தில் லத்தீன் யாருக்குக் கிடைக்கிறது என்பதைப் பார்த்தால் தொலைநிலைப் படிப்பின் தேவை விளங்கும். 2021-இல் அந்நாட்டு அரசு வெளியிட்ட அறிவிப்பில், பதினான்கு வயதுக்கு உட்பட்ட வகுப்புகளில் லத்தீன் கற்பிக்கும் அரசுப் பள்ளிகள் 2.7 விழுக்காடு, தனியார் பள்ளிகள் 49 விழுக்காடு என்று பிரிட்டிஷ் கவுன்சிலின் கணக்கெடுப்பை மேற்கோள் காட்டியிருந்தார்கள். அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளை ஆசைப்பட்டாலும் கற்பிக்க ஆளில்லை. கேம்பிரிட்ஜ் திட்டத்தின் இணையவழிப் பொருள்களும் தொலைதூர ஆசிரியர் முறையும் இந்த இடைவெளியை நோக்கி வந்தவை. பள்ளியில் லத்தீன் தெரியாத ஒரு பெரியவர் உடனிருப்பார். பாடத்தைத் திருத்துபவர் வேறெங்கோ இருப்பார். தனியாகப் படித்த பெரியவர்களுக்கும் இதே ஏற்பாடு இருந்தது.

இணையக் கருவிகளில் எளிமையானதுதான் அதிகம் உதவியது என்று சொல்வேன். கதையில் ஒரு சொல்லைச் சொடுக்கினால் பொருள் பக்கத்திலேயே தோன்றும். அகராதியைப் புரட்டுவது ஒழுக்கத்தை வளர்க்கும் என்று வாதிடுபவர்கள் உண்டு. லத்தீன் அகராதியை ஒரு தொடக்க மாணவர் திறந்து பார்க்கட்டும். ‘துலிட்’ என்று கதையில் இருக்கிறது. தூக்கிவந்தான் என்று பொருள். அகராதியில் அது ‘ஃபெரோ’ என்ற சொல்லின் கீழ் இருக்கும். ஓர் எழுத்துகூட ஒத்துப்போகாத அந்தச் சொல்லை அவர் எப்படித் தேடுவார்? வகுப்பில் கையை உயர்த்தினால் அரை நிமிடத்தில் தீரும் ஐயம் வீட்டில் அரை மணியை விழுங்கும். அந்த அரை மணியில் கதை அறுந்துவிடும். கதை அறுந்தால் இந்த முறையில் மிஞ்ச எதுவுமில்லை.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. எல்லாச் சொல்லையும் சொடுக்கிச் சொடுக்கி, பிழையே இல்லாத மொழிபெயர்ப்பை அனுப்பிவிட்டு, ஒரு சொல்லும் மனத்தில் தங்காமல் ஆறாம் பாடத்துக்கு வந்துவிடுகிறவர் உண்டாகலாம். அங்கே இரண்டு இறந்தகால வடிவங்கள் ஒரே நேரத்தில் வருகின்றன. அதுவரை சறுக்கிக்கொண்டு வந்தவர் அங்கே இடறுவார், தனக்கு மூளை போதாது என்று முடிவுகட்டுவார். முதல் வாசிப்பில் தாராளமாகச் சொடுக்கலாம், இரண்டாம் வாசிப்பில் கருவியை மூடிவிட வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவைப்பது நல்லது. பிழையே இல்லாத தாளைப் பார்த்தால் ஆசிரியர் மகிழ்ந்துவிடாமல், இரண்டு சொற்களை மட்டும் எடுத்து அவற்றைப் பற்றிக் கேட்க வேண்டும்.

தாள் திரும்பி வரும் வேகம்

அஞ்சல்வழிக் கல்வியில் நெடிய அனுபவம் கொண்டவர்கள் ஸ்காண்டிநேவியர்கள். ஸ்வீடனின் மால்மோ நகரில் 1898-இல் தொடங்கிய ஹெர்மோட்ஸ் அஞ்சல்வழிப் பள்ளியில் பணியாற்றிய பொர்யே ஹோல்ம்பெர்க், தொலைநிலைக் கல்வி என்பது வழிநடத்தப்பட்ட உரையாடல் என்ற கருத்தை முன்வைத்தவர். பாடநூலின் தொனியும் திருத்துபவரின் குறிப்பும் ஒரு மனிதர் தன்னோடு பேசுகிறார் என்ற உணர்வைத் தந்தால்தான் படிப்பதில் இன்பமும், இன்பத்தால் ஊக்கமும் வரும் என்பது அவர் வாதம். நார்வேயின் என்.கே.ஐ. நிறுவனத்தைச் சேர்ந்த தொர்ஸ்டைன் ரெக்கெடால் 1970-களில் இன்னும் நேரடியான ஒன்றைச் சோதித்தார். ஒரு குழுவினரின் விடைத்தாள்கள் திரும்பிச் செல்லும் காலத்தைக் குறைத்தார்; மற்றொரு குழுவுக்கு வழக்கமான வேகம். விரைவாகத் தாள் கிடைத்தவர்களில் படிப்பைத் தொடர்ந்து முடித்தவர்கள் அதிகமாக இருந்தார்கள். பாடம் ஒன்றே, கட்டணமும் ஒன்றே. மாறியது காத்திருந்த நாட்கள் மட்டும்.

லத்தீனில் காத்திருப்பு ஏன் இவ்வளவு கொல்கிறது என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் இது. மாணவர் அனுப்பிய மொழிபெயர்ப்பில் அவருக்கே ஐயமான மூன்று இடங்கள் இருக்கும். அந்த ஐயம் சூடாக இருக்கும்போது விடை வந்தால் பளிச்சென்று பதியும். இரண்டு வாரம் கழித்து வந்தால், எந்தக் கதை, எந்த வரி என்றே நினைவிருக்காது. அதற்குள் அடுத்த பாடத்துக்குப் போயிருந்தால் அதே பிழையை அங்கும் செய்திருப்பார். போகாமல் காத்திருந்தால் கை விட்டுப்போயிருக்கும்.

வேகத்தோடு குறிப்பும் முக்கியம். ஓர் எடுத்துக்காட்டு போடுகிறேன். ‘செர்வும் டோமினுஸ் லாவுடாட்’ என்ற வாக்கியத்தை மாணவர் ‘அடிமை எசமானைப் புகழ்கிறான்’ என்று எழுதிவிட்டார். எசமான்தான் அடிமையைப் புகழ்கிறார். முதலில் வந்த சொல்லையே எழுவாயாக எடுத்துக்கொண்டது பிழை. திருத்துபவர் சிவப்பு மையில் கோடு போட்டுச் சரியான விடையை மேலே எழுதிவிடலாம். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. இதைவிட நல்லது இப்படி எழுதுவது: “முதல் சொல்லின் இறுதியைப் பாருங்கள். இதே இறுதி கொண்ட சொல் மூன்றாம் வரியில் வந்தபோது அதற்கு இரண்டாம் வேற்றுமைப் பொருள் கொடுத்துச் சரியாக எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்து இந்த வரியை மறுபடி படித்துவிட்டு அனுப்புங்கள்.” இந்தக் குறிப்பு மூன்றாம் வரியையும் ஆசிரியர் படித்திருக்கிறார் என்பதைக் காட்டுகிறது. மாணவருக்கு அது ஏற்கெனவே தெரியும் என்பதையும் காட்டுகிறது. அடுத்த கடிதத்துக்கு ஒரு வேலையையும் கொடுத்துவிடுகிறது. ‘நன்று, தொடர்ந்து முயலுங்கள்’ என்ற வாசகம் இவற்றில் ஒன்றையும் செய்வதில்லை. அந்த வாசகத்தை நான் வெறுக்கிறேன். எந்தத் தாளிலும் எழுதலாம் என்பதால் யாருடைய தாளிலும் அது ஒட்டாது.

நடுவழிச் சோர்வு

புதுமை தீர்ந்து, பயனும் இன்னும் கைக்கு வராத ஒரு நீண்ட நடுப்பகுதி எந்த மொழிப் படிப்பிலும் உண்டு. இந்தப் பாடத்திட்டத்தில் இருபதாம் பாடத்திலிருந்து வினையெச்சம் போன்ற சொல்வடிவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன; இருபத்துநான்காம் பாடத்தில் புதியதொரு வினைப்பாங்கே நுழைகிறது. கதைகளும் நீள்கின்றன. இங்கே மாணவர் மெதுவாவது இயல்பு. அதைச் சோம்பலாக எண்ணி நினைவூட்டல் அனுப்பிக்கொண்டே இருந்தால் குற்ற உணர்வுதான் கூடும். குற்ற உணர்வு கூடியவர் ஆசிரியரின் மின்னஞ்சலைத் திறக்கவே தயங்குவார்.

மேடு வருகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது முதல் வேலை. இருபதாம் பாடத்தைத் தொடும் முன்பே, இனி ஒரு பாடத்துக்கு இரு மடங்கு நாட்கள் ஆகும், எல்லோருக்கும் ஆகும் என்று எழுதிவிட வேண்டும். இரண்டாவது, பழைய கதைகளுக்கு அனுப்பிவைப்பது. மூன்றாம், நான்காம் பாடங்களின் கதைகளை மொழிபெயர்க்காமல் வெறுமனே படித்துப் பார்க்கச் சொன்னால், முன்பு வரி வரியாகக் கடித்துத் தின்றதை இப்போது ஒரு மூச்சில் படிக்க முடிவதை மாணவரே காண்பார். முன்னேறியிருக்கிறீர்கள் என்று ஆசிரியர் பத்து முறை சொல்வதற்கு இது மேல்.

காலக்கெடு பற்றி ஆசிரியர்களிடையே ஓயாத வழக்கு இருக்கிறது. கெடு வைத்தால் தவறியவர் வெட்கப்பட்டு விலகுகிறார். வைக்காவிட்டால் எல்லோரும் நாளை என்று தள்ளுகிறார்கள். கெடு வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் தவறினால் என்ன செய்வது என்பதும் அந்தக் கெடுவோடு சேர்த்தே சொல்லப்பட வேண்டும். பாதிக் கதையை அனுப்பலாம், முதல் ஆறு வரியை மட்டும் அனுப்பலாம். ஆறு வரி அனுப்பியவர் இன்னும் மாணவர்தான்.

பாடநூலே மாற வேண்டிய இடம்

2022-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் கைக்கிலியுஸின் குடும்பத்தில் லூக்கியா என்ற மகள் சேர்ந்திருக்கிறாள். அடிமைகளைச் சித்திரிக்கும் விதமும் திருத்தப்பட்டது. முந்தைய பதிப்புகளில் அந்த வீட்டில் வளரும் பெண்பிள்ளையே இல்லை. அடிமைகள் சிரித்த முகமாக வளையவந்தார்கள். இதைப் பற்றி ஆண்டுக்கணக்கில் விமர்சனம் இருந்தது. வகுப்பறையில் ஒரு மாணவி எழுந்து, இது ஏன் இப்படி என்று கேட்கலாம். நல்ல ஆசிரியர் அதையே அன்றைய பாடமாக்கிவிடுவார். தனியாகப் படிப்பவர் அந்த உறுத்தலை யாரிடமும் சொல்லாமல் புத்தகத்தை மூடிவிடுவார். அதனால் இந்தத் திருத்தம் தொலைநிலை மாணவருக்கு இன்னும் அவசியமானது.

வேறு வழிகளும் இருக்கின்றன

மொழி கற்பிக்கும் செயலியான டூயோலிங்கோ 2019-இல் லத்தீனைச் சேர்த்தது. நாள்தோறும் செயலியைத் திறக்கவைப்பதில் அது கெட்டிக்காரத்தனமானது. ஆனால் படிப்பு சிறியது, தொடர்கதை கிடையாது. தொடர்ச்சி அறுபடாத நாட்களின் எண்ணிக்கையே ஊக்கம். ஒருநாள் விட்டுப்போய் அந்த எண்ணிக்கை பூச்சியமானால், அதையே பிடித்துக்கொண்டிருந்தவர் எதற்காகத் திரும்பி வருவார்? டேனிய ஆசிரியர் ஹான்ஸ் ஓர்பெர்க் 1950-களில் உருவாக்கிய பாடநூல், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை லத்தீனிலேயே நடக்கிறது. தனியாகப் படிப்பவர்களிடம் அதற்கு இன்றும் பெரும் மதிப்பு உண்டு. பிடிவாதக்காரர்களுக்கு அதைவிடச் சிறந்த நூல் இல்லை என்பேன். தளர்ந்துபோகும் மாணவருக்கு அது போதாது.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் இலவசமாக நடத்தும் இணையவழி லத்தீன் பாடம். 1086 முதல் 1733 வரையிலான ஆவணங்களைப் படிக்க உதவுவதே அதன் குறிக்கோள். 1733-இல்தான் இங்கிலாந்து நீதிமன்றங்களின் எழுத்திலிருந்து லத்தீன் விலக்கப்பட்டது. அங்கே ஆசிரியர் இல்லை, திருத்தம் இல்லை, தொடர்கதையும் இல்லை. நான் மேலே வலியுறுத்திய எதுவுமே இல்லை. இருந்தும் தங்கள் குடும்பத்தின் பழைய பதிவுகளைத் தேடுபவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள், ஏனென்றால் அவர்கள் படிக்க வேண்டிய தாள் ஒன்று ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது. சொந்தத் தேவையோடு வருபவருக்குக் கதை வெளியிலிருந்து வர வேண்டியதில்லை.

ஆகவே சேரும்போதே ஒவ்வொருவரிடமும், லத்தீனில் நீங்கள் படிக்க ஆசைப்படுவது எது என்று கேட்டுவிட வேண்டும். வழிபாட்டுப் பாடல், கல்வெட்டு, தாவரப் பெயர், சட்டத் தொடர் என்று விடைகள் பலவாக இருக்கும். பாடத்திட்டம் எல்லோருக்கும் ஒன்றாகவே போகட்டும். இடையிடையே அவரவர் ஆசையிலிருந்து இரண்டு வரி அனுப்பலாம்.

தமிழர் ஒருவர் இப்படி ஒரு படிப்பில் சேர்ந்தால் என்ன அனுப்புவேன் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் மொழிபெயர்த்தார். தமிழ் இலக்கணத்தையும் லத்தீனில் எழுதினார். மனப்பாடமாகத் தெரிந்த ஒரு குறளின் லத்தீன் வடிவத்தை ஐந்தாவது, ஆறாவது வாரத்திலேயே அனுப்பலாம். பொருள் முன்பே தெரியும் என்பதால் அகராதி வேலை பாதி குறைந்துவிடும். கவனம் முழுவதும் சொல்லின் இறுதிகளுக்குப் போகும். மொழிபெயர்ப்பு கேட்க வேண்டாம். எழுவாய் எது, இரண்டாம் வேற்றுமை எது, வினை எது என்று மூன்று கேள்விகள் மட்டும் வைத்து, விடை வந்த இரண்டு நாட்களுக்குள் திருத்தி அனுப்ப வேண்டும்.